கல்கத்தாவில் ஒரு சீனக் காலையுணவு

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளைக் கண்டால் மாத்திரம் போதாது. அங்கு எளியவர் எங்கே, எதை உண்கின்றனர் என்பதையும் காணல் வேண்டும். பேலூர் மடத்தைத் தரிசிக்கக் கல்கத்தா சென்றிருந்த நாம், ஒரு ஞாயிறு விடியற்காலையில் லால்பசார் காவல் நிலையத்துக்கு அயலிலுள்ள திரெட்டா பசாருக்குச் சென்றது இக்கருத்துடனேயே.

தெருவோரத்தில் சில பலகைகள். அவற்றின்மேல் ஆவி பறக்கும் பாத்திரங்கள். இறைச்சியை உள்ளே வைத்து அவித்த வெண்மையான மாப்பண்டம், மீனை அரைத்து உருட்டியிட்ட சூப்பு, எள் பூசிய இனிப்புருண்டை எனப் பலவகை உணவுகள் இருந்தன. வெல்லாவெளியில் பிட்டும் இடியப்பமும் உண்டு வளர்ந்த நமக்கு, ஆவியில் வெந்த உணவு அந்நியமாகத் தோன்றவில்லை. வாவி மீனின் சுவையறிந்த நாவுக்கு மீனுருண்டைச் சூப்போ பெருவிருந்தாயிற்று. மாணவரும் கூலியாளரும் சில்லறைக் காசுக்கு வயிறார உண்ணலாம். வெயில் ஏறுமுன் யாவும் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன.

இம்மக்கள் இங்கு வந்த கதை சுவையானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சியு என்னும் சீனர், ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஊக்ளி நதிக்கரையில் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அச்சிபூர் என்னும் ஊர் இன்றும் விளங்குகிறது. நாம் நாள்தோறும் தேநீரிற் கலக்கும் 'சீனி' என்னும் சொல்லிலும் சீனம் ஒளிந்திருப்பதை மாணவர் சிந்திப்பாராக! பின்வந்தோர் தச்சராகவும், சப்பாத்துத் தைப்போராகவும், பல் வைத்தியராகவும் இந்நகரில் வேரூன்றினர்.

1962இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டன. எல்லையில் நிகழ்ந்த போருக்கு இத்தெருவார் விலை கொடுத்தனர். இந்தியச் சீனருள் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர்; சிலர் மீள ஆண்டுகள் பல சென்றன. இந்திய மண்ணிற் பிறந்த குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். மீண்டவர் பலர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். வீடிழந்து கடல் கடந்த உறவினரையுடைய நமக்கு இத்துயரை விளக்க வேண்டுவதில்லை.

இன்று அத்தெருவில் விற்போருள்ளும் சீனர் அருகி வருகின்றனர். அவர்தம் சமையலோ கல்கத்தா முழுவதும் பரவி, அந்நகரத்தார் தமதென்றே கொண்டாடும் உணவாகிவிட்டது. உணவை ஏற்ற ஊர், அதனைச் சமைத்தவரை ஐயுற்றது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் வழக்கு. அயலவர் கையால் உண்ணும்போது அவர் கதையையும் ஒருமுறை கேட்டறிவோமாயின், ஐயத்துக்கு நெஞ்சில் இடமிராது.