மகேந்திரகிரியில் பறக்காத ராக்கெட்டுகள்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்கு யாத்திரை புறப்படுகிறீர்களா? மதுரை, திருநெல்வேலியெல்லாம் தாண்டி, பணகுடி நெருங்கியதும் தூக்கத்தை உதறிவிட்டு மேற்கே பாருங்கள். மேகத்தைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஒரு மலை நிற்கும். சுமார் 1,650 மீட்டர் உயரமுள்ள மகேந்திரகிரி அதுதான்.

ஆஞ்சநேயர் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து என்கிறது இராமாயணம். அந்த மலை இதுவே என்பது இப்பக்கத்து மக்களின் நம்பிக்கை. இன்று அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்கள் இங்கே கர்ஜிக்கின்றன, நெருப்பைக் கக்குகின்றன. ஆனால், ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது!

இதென்ன வேடிக்கை என்கிறீர்களா? புதுப் பாத்திரம் வாங்கினால், விருந்தாளி வருவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? அதே கதைதான். எஞ்சினை வலுவான மேடையில் இறுகப் பிணைத்துப் பற்றவைக்கிறார்கள். அது எவ்வளவு தள்ளுகிறது, எங்கே அதிகமாகச் சூடேறுகிறது, எந்தக் குழாயில் அழுத்தம் குறைகிறது என்பதையெல்லாம் கருவிகள் கணந்தோறும் குறித்துக்கொள்ளும். மனிதர்கள் தூரத்தில், பத்திரமான அறையில் உட்கார்ந்து கவனிப்பார்கள்.

இவற்றில் மகா முரட்டுப் பிள்ளை கிரையோஜெனிக் எஞ்சின். அதற்கு ஆகாரம் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும். முன்னதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி. பின்னதற்கு 183 டிகிரி. ஒரு புறம் இந்தக் குளிர். அருகிலேயே அக்கினி ஜுவாலை!

2007 நவம்பர் 15 அன்று, நம்மவர்கள் செய்த கிரையோஜெனிக் அடுக்கு இங்கே 720 விநாடி இடைவிடாமல் எரிந்து பரீட்சையில் தேறியது. ஆனாலும் 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், அந்த அடுக்கின் முறை வந்தபோது கைவிட்டது. ஹைட்ரஜனைத் தள்ளித் தரவேண்டிய பம்பு, சுழலத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நின்றுபோயிற்று. அத்தனை பேருடைய உழைப்பும் வங்கக் கடலில் விழுந்தது.

தரையில் தேறியது ஆகாயத்தில் தவறலாமா? இங்கே காற்று இருக்கிறது, அங்கே இல்லை. காற்றில்லாத வெளியில் பற்றவைப்பதே தனி வித்தை. அதனால் ஆகாயத்தையே மலையடிவாரத்துக்கு இறக்கிவிட்டார்கள்! பெரிய கூடம் ஒன்றிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். பம்புகளையும் திருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது.

2023-ல் சந்திரயான்-3 விண்கலத்தை அனுப்பிய ராக்கெட்டின் மேல் அடுக்கு எஞ்சினும், அந்த வருஷம் பிப்ரவரியில் இங்கே 25 விநாடி எரிந்து உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போயிற்று.

மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்கோ பரீட்சை இன்னும் கடுமை. அதே ரக எஞ்சினுக்கு 6,350 விநாடி எரிந்தால் போதும் என்பது விதி. நான்கு எஞ்சின்களை 39 தடவை பற்றவைத்து, மொத்தம் 8,810 விநாடி எரித்துப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் அதற்கு நற்சான்று கிடைத்தது.

தேவைக்கு மேல் ஏன் இத்தனை விநாடிகள் என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கலாம். ராக்கெட்டில் ஏறிப் போகிற பிள்ளையின் தாயார் கேட்கமாட்டாள்.