இலக்கண ஆசிரியரின் பெயர் தாங்கிய ஊர்

மொழிக்கு இலக்கணம் வகுத்தவர்களின் பெயரைத் தெருக்களும் கல்லூரிகளும் தாங்கி நிற்பது பல நாடுகளில் வழக்கம். ஓர் ஊரே அவ்வாறு பெயர் பெறுவது அரிது. ஸ்லோவாக்கியாவின் தெற்கு எல்லையில், டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ஷ்டூரொவோ அத்தகைய ஊர். ஏறத்தாழ 10,000 பேர் வாழும் இச்சிற்றூர், எழுத்து ஸ்லோவாக் மொழியை வரையறுத்த லியூடொவிட் ஷ்டூரின் பெயரைக் கொண்டது. ஆனால் அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினரின் தாய்மொழி ஹங்கேரியம். அவர்கள் தம் ஊரைப் பார்க்கானி என்றே அழைக்கின்றனர். முதுகலை வகுப்பில் மொழித் தரப்படுத்தல் பற்றிப் படித்தபோது அறிமுகமான இந்த முரண், ஆய்வு மாணவனான பின்னும் என்னை விட்டு அகலவில்லை.

ஊரின் வரலாறே பெயர்களின் அடுக்குதான். 11ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அது ககத். ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள எஸ்தர்கோம் நகரைக் காக்க 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் இங்கே கோட்டை எழுப்பி, அதற்கு ‘ஈரலைத் துளைப்பது’ எனப் பொருள்படும் ஜிகெர்தெலென் என்ற பெயரைச் சூட்டினர். 1683 அக்டோபரில், வியன்னா முற்றுகையை முறியடித்து வந்த போலந்து மன்னர் யான் சொபியெஸ்கி இவ்விடத்தில் முதலில் பின்னடைவு கண்டார்; இரண்டு நாள் கழித்துப் பெருவெற்றி பெற்றார். அப்போரைப் பார்க்கானிப் போர் என்றே வரலாறு பதிந்துள்ளது.

இனி ஷ்டூருக்கு வருவோம். 1843இல் அவரும் நண்பர்களும் நடு ஸ்லோவாக்கிய வட்டார வழக்கை எழுத்துமொழிக்கு அடிப்படையாக்க முடிவு செய்தனர். அதன் இலக்கண நூல் 1846இல் வெளிவந்தது. ஸ்லோவாக்கியர் அப்போது ஹங்கேரி முடியரசின் குடிகள். 1844இல் அங்கு ஹங்கேரியம் ஆட்சிமொழியாகச் சட்டமானது. தம் மக்கள்மீது பிறர் மொழி சுமத்தப்படுவதை எதிர்த்து அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே பேசியவர் ஷ்டூர். 1856இல் அவர் மறைந்தார். அவர் பிறந்தது உஹ்ரோவெத்ஸ், இறந்தது மோத்ரா, இரண்டுமே இவ்வூரிலிருந்து தொலைவில் உள்ளவை. ஆயினும் 1948இல் செக்கோஸ்லோவாக்கிய அரசு இவ்வூருக்கு அவர் பெயரைச் சூட்டியது. இரண்டாம் உலகப் போரை அடுத்து ஹங்கேரியச் சிறுபான்மையினர் குடியுரிமை இழப்பையும் இடப்பெயர்ச்சியையும் சந்தித்த காலம் அது.

இதே அலையில் கூட்டா என்ற மற்றோர் ஆற்றங்கரை ஊர், கவிஞர் யான் கொல்லாரின் நினைவாகக் கொலாரொவோ ஆனது. அங்கும் ஹங்கேரியம் பேசுவோரே மிகுதி. ஷ்டூரின் புதிய எழுத்துமொழியைக் கடுமையாக எதிர்த்து, செக்கியரும் ஸ்லோவாக்கியரும் ஒரே எழுத்துமொழியைப் பேண வேண்டும் என்று வாதிட்டவர் கொல்லார். மொழிக் கொள்கையில் நேரெதிரே நின்ற இருவரும் அரசின் கையில் ஒரே வேலைக்குப் பயன்பட்டனர். அவர்கள் என்ன எழுதினர் என்பது அங்கு பொருட்டாகவில்லை. பெயர் ஸ்லோவாக்கியப் பெயராக ஒலித்தது, அதுவே போதுமானதாயிற்று.

ஊரின் முதன்மை அடையாளமான மரியா வலேரியா பாலம் இக்கதையின் மறுபக்கம். 1895இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 500 மீட்டர் நீளப் பாலம் 1919இல் ஒரு பகுதி தகர்க்கப்பட்டது. 1920இன் திரியனோன் உடன்படிக்கை ஆற்றையே நாட்டெல்லையாக்கியது. சீரமைக்கப்பட்ட பாலத்தை, பின்வாங்கிய ஜெர்மானியப் படை 1944 டிசம்பரில் மீண்டும் தகர்த்தது. 2001 அக்டோபர் வரை, 57 ஆண்டுகள், இரு கரைகளிலும் ஒரே மொழி பேசிய மக்களுக்கிடையே பாலம் இல்லை. இன்று எஸ்தர்கோம் பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்த்தபடியே சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். பாலம் பழைய பெயருடனேயே மீண்டது. ஊருக்குப் பழைய பெயரை மீட்கும் கோரிக்கை 1989க்குப் பின் எழுந்தபோதும், அலுவல்முறைப் பெயர் மாறவில்லை.

தரப்படுத்தலை நாம் பெரும்பாலும் விடுதலையின் கதையாகவே கற்கிறோம்: புறக்கணிக்கப்பட்ட பேச்சுவழக்கு இலக்கணம் பெறுகிறது, அதைப் பேசியோர் மதிப்புப் பெறுகின்றனர். ஷ்டூரின் வாழ்நாளைப் பொறுத்தவரை அக்கதை உண்மையே. நூறு ஆண்டுகளுக்குள், அதே மொழி அரசின் மொழியானபோது, அவர் பெயரே இன்னொரு சமூகத்தின் ஊர்ப்பெயரை மறைக்கும் பலகையாயிற்று. இதற்காக ஷ்டூரைக் குறைகூற இடமில்லை. ஆனால் ஒரு மொழியின் உரிமைக்காக நாம் எழுதும் ஒவ்வொரு வாதத்தையும், அம்மொழி அதிகாரம் பெற்ற மறுநாளிலும் செல்லுபடியாகுமா என்று சோதிக்க வேண்டும் என்பதை இவ்வூர் எனக்குக் கற்பித்தது.

என் களஆய்வுப் படிவத்தில் ‘ஊர்’ என்றொரு கட்டம் உண்டு. அதை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: ஆவணத்தில் உள்ள பெயர், பேசுவோர் சொல்லும் பெயர். இவ்விரண்டும் வேறுபடும் இடங்களே பெரும்பாலும் ஆய்வுக்குரிய இடங்கள். உங்கள் ஆய்வுப் பகுதியில் அப்படிப்பட்ட ஊர்கள் உள்ளனவா? இருப்பின், எந்தப் பெயரை, எந்தக் காரணத்தால் ஆய்வேட்டில் எழுதுகிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.