எரிந்த மண்ணில் ஒரு கால்

மெல்பர்ன் நகரின் மேற்குப் புறத்தில் வீடு கட்டப் போகிறவர்களை முதலில் பயமுறுத்துவது அங்குள்ள மண். என்றைக்கோ வழிந்தோடிய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான சமவெளி அது. மேலே கிடப்பதோ கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழைக்காலத்தில் ஊதிப் பெருக்கும் களிமண். அடித்தளத்தைச் சாதாரணமாகப் போட்டால் சுவர் விரிசல் விட்டுவிடும் என்று பொறியாளர் படம் போட்டு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலவனத்தத்தில் பிறந்தவனுக்குக் கரிசலைப் பற்றிப் பாடம்! வெடிப்புக்குள் கோலிக்குண்டு விழுந்தால் போனது போனதுதான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நாங்கள் அ, ஆ படித்தோம்.

தமிழ் படித்தவர்களுக்குப் பாலவனத்தம் என்றால் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தைக் கண்ட ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரின் ஊர். எங்களுக்கு அது விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே பருத்தியும் மல்லியும் சீமைக்கருவேலும் விளைகிற வெயில் பூமி. ஆனால் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. நான் இப்போது இருக்கும் இந்த மேற்குச் சமவெளிக்கு 500 சொச்சம்தான். வறண்ட சீமை என்ற பேரை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

இங்கே அந்த மழை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது. அதனால் புல் நன்றாக வளரும். செப்டம்பர், அக்டோபரில் முழங்காலுக்கு மேல் நிற்கும் பச்சை, டிசம்பரில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆடும் மாடும் நுனிவரை மேய்ந்து தீர்க்கிற எங்கள் தரிசில் எரிவதற்கு அவ்வளவாக ஒன்றும் மிஞ்சாது. இங்கே மனை போட்டு விற்பதற்காகக் காத்திருக்கும் நிலங்களில் மேய ஆளில்லை. புதுக் குடியிருப்பின் கடைசித் தெருவைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல். அந்தத் தெருவில்தான் என்னைப் போல வந்தேறிய பாதிப்பேர் வீடு வாங்கியிருக்கிறோம்.

விக்டோரியா மாநிலத்தில் தீயணைப்புக்கு இரண்டு அமைப்புகள். மெல்பர்ன் நகரிலும் பெரிய ஊர்களிலும் சம்பளம் வாங்கும் வீரர்கள். 2020 ஜூலையிலிருந்து அவர்கள் எல்லாரும் ஒரே துறையின்கீழ் வந்துவிட்டார்கள். மற்ற இடங்களையும் நகரத்தின் விளிம்பையும் பார்த்துக்கொள்வது சி.எஃப்.ஏ. எனப்படும் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம். 1939 ஜனவரி 13-ஆம் தேதி, 'கருப்பு வெள்ளி' என்று இவர்கள் சொல்லும் நாளை ஒட்டி எரிந்த காட்டுத்தீயில் 71 பேர் இறந்தார்கள். அதன் விசாரணையும், 1944-இல் மறுபடி வந்த தீயும் சேர்ந்து 1945-இல் இந்த ஆணையத்தைக் கொண்டுவந்தன. மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். வண்டியில் ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு காசு சம்பளம் கிடையாது.

நான் இதில் சேர்ந்ததைக் கேட்டதும் ஊரிலிருந்து மச்சான் போன் செய்தார். அவர் எங்கள் மாவட்டத்திலேயே தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்.

"சம்பளம் எவ்வளவு மாப்ள?"

"ஒண்ணும் கெடையாது மச்சான்."

"பயணப்படி, சாப்பாட்டுப்படி?"

"அதுவும் கெடையாது. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா இழப்பீடு உண்டு."

"அப்ப உசுரோட இருந்தா ஒண்ணுமில்ல, செத்தாத்தான் துட்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். தீயணைப்புக்காரர்களுக்கு எந்த ஊரிலும் இந்த மாதிரிப் பேச்சு சாதாரணம்.

எங்கள் நிலையத்தின் கேப்டன் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. ஒரு குழாய்ப் பணியாளர், ஒரு செவிலியர், லாரி ஓட்டும் ஒரு பஞ்சாபி இளைஞர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்று பலவகை ஆட்கள். இடுப்பில் பேஜர். அது அலறினால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓட வேண்டும். வாரம் ஒரு மாலை பயிற்சி. பயிற்சி என்றால் பாதி நேரம் வண்டியைத் துடைப்பதும், குழாயைச் சுருட்டுவதும், பம்பை ஓடவிட்டுப் பார்ப்பதும்தான். புனித வெள்ளியன்று சாலைச் சந்திப்பில் வாளியேந்தி நின்று மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை திரட்டுவதும் இவர்கள் வழக்கம். தைப்பூசத்துக்கு மஞ்சள் துணியோடு உண்டியல் ஏந்தி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் கூச்சமே இல்லை.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். வண்டிகள் பழசாகின்றன, தன்னார்வலர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. 2025-இல் மாநில அரசு தீயணைப்பு வரியை மாற்றிக் கூட்டியபோது மஞ்சள் சட்டையோடு தெருவில் இறங்கிப் போராடியவர்கள் இதே ஆட்கள்தான்.

புதிதாகச் சேர்கிறவனுக்குத் தண்ணீர் பீய்ச்சுவதை உடனே சொல்லித்தர மாட்டார்கள். முதலில் காற்று. கோடையில் பாலைவனப் பக்கமிருந்து வடக்குக் காற்று அனலாக வீசும். அதன் முன்னே தீ, நீளமான நாக்குப் போலத் தெற்கு நோக்கி ஓடும். பிற்பகலோ மாலையோ தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். எல்லாருக்கும் அப்பாடா என்றிருக்கும் நேரம் அது. தீக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அதுதான் எமன். அதுவரை மெதுவாக எரிந்துகொண்டிருந்த கிழக்கு விலா, பல கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே மூச்சில் தீயின் முகமாக மாறிப் பாயும். 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி மெல்பர்னில் 46.4 டிகிரி வெயில். அன்றைய தீயில் மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். அன்றும் மாலையில் காற்று திரும்பியது.

அதைவிட எங்கள் பயிற்சியில் அடிக்கடி வரும் பெயர் லிண்டன். 1998 டிசம்பர் 2-ஆம் தேதி, லிண்டன் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில், காற்று திரும்பியபோது ஜீலாங் வெஸ்ட் நிலையத்தின் வண்டி ஒன்று தீக்கும் எரியாத காட்டுக்கும் நடுவே அகப்பட்டது. அதிலிருந்த ஐந்து தன்னார்வலர்களும் இறந்தார்கள். மே 4-ஆம் தேதியை உலகத் தீயணைப்பாளர் நாளாகக் கொண்டாடும் வழக்கம் அந்தச் சாவிலிருந்துதான் பிறந்தது. அதன் பிறகு வந்த பயிற்சியின் சாரம் இரண்டு கட்டளைகள். தொட்டியை ஒருபோதும் வழித்துக் காலி செய்யாதே. வண்டியையும் உன்னையும் காக்க அடியில் தண்ணீர் இருக்கட்டும். எரியாத புல்லில் நிற்காதே. ஏற்கெனவே எரிந்த மண்ணில் ஒரு கால் இருக்கட்டும். எரிந்த இடம் மறுபடி எரியாது. கேட்பதற்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இருக்கும். புகை மூடி, திசை தப்பி, காதில் தீயின் இரைச்சல் மட்டும் கேட்கும்போது இந்த ஒன்று மட்டும்தான் மூளையில் மிஞ்சும்.

எங்கள் வண்டியை '3.4' வகை என்பார்கள். மூவாயிரம் லிட்டர் தண்ணீர், நான்கு சக்கரமும் இழுக்கும். புல்தீ என்று அழைப்பு வந்தால் எரிந்து முடிந்த பின்பக்கம் வழியாக நுழைவோம். கருகிய தரையில் வண்டி ஓட, ஓரத்தில் எரியும் நெருப்பை அடித்துக்கொண்டே தலைப்பக்கம் போவோம். முன்னால் போய் மறிப்பது சினிமாவில் சரி. தீயின் உயரம் பார்வைக்கு முழங்கால் அளவுதான் இருக்கும். வெக்கை முகத்தை உரிக்கும். வேலி ஓரம் வந்தால் ஒருவர் இறங்கிக் கம்பியை வெட்டுவார். தீ ஓடி முடிய ஒரு மணி நேரம் என்றால், அதன் பிறகு ராத்திரி முழுக்க வேறு வேலை.

அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. கருகிய நிலத்தில் வரிசையாக நடந்து, புகைகிற ஒவ்வொன்றையும் தேடி அணைப்பது. மரத்தூர், வேலிக்கட்டை, காய்ந்த மாட்டுச்சாணம். புல்லெல்லாம் சாம்பலான பிறகும் சாணம் கங்காய்க் கிடக்கும்; காற்றடித்தால் பொறி பறந்து மறுநாள் அடுத்த வயல் பற்றும். கையுறையைக் கழற்றிப் புறங்கையைத் தரைக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் தோண்டி, நுரை கலந்த தண்ணீரை விட்டுக் கிளறிச் சேறாக்க வேண்டும். எரிந்த மரத்தின் வேர்வழியே நெருப்பு மண்ணுக்குள் போய், நாள் கழித்து வேறொரு இடத்தில் எட்டிப் பார்க்கும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் உண்டு. விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். புகை வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் விறகின் ஈரம் போகிறது. மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது, ஓட்டையை அடை. மண் மூடி எங்கேயாவது வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் கரி அத்தனையும் சாம்பல். நள்ளிரவில் எழுந்து மூட்டத்தைச் சுற்றி வந்து, விரிசலில் சேற்றை அப்பிவிட்டுப் படுக்கும் அந்த மனிதர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மண்ணுக்குள் ஒளிந்த நெருப்பைப் புகை நிறத்தில் படிக்க அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. கேப்டனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "அவர்களை இங்கே அனுப்பிவை" என்றார்.

மச்சானுடைய வேலை வேறு மாதிரி. அவருக்குத் தீ மட்டும் இல்லை. வறண்ட கிணற்றில் விழுந்த மாடு, கம்மாயில் மூழ்கியவரின் உடல், வீட்டுக்குள் புகுந்த நல்லபாம்பு, பள்ளிக்கூடத்து மரத்தில் கட்டிய கதண்டுக்கூடு எல்லாமே அவர்கள் தலையில். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்களாம். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. நூற்பாலையில் பஞ்சு தீப்பிடித்தால் மேலே அணைத்துவிட்டுத் திரும்ப முடியாது. பொதியின் நடுவில் கங்கு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பொதியாகப் பிரித்து வெளியே இழுத்துப் போட்டு நனைக்க வேண்டும். கோடையில் படப்புத் தீ. அழைப்பு வந்து, வண்டி கிளம்பி, ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதிப் படப்பு முடிந்திருக்கும். ஊர்ச்சனம் ஊருணியிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கும்.

"எங்களுக்குத் தீயப் பார்த்துப் பயம் இல்ல மாப்ள, கூட்டத்தப் பார்த்தாத்தான் பயம்" என்றார் ஒருநாள். வெடி ஆபீஸ் விபத்துகளைப் பற்றிய பேச்சு அது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும், என்ன ஆச்சு என்று பார்க்க வந்தவர்களும். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு, இருப்பிலிருந்த மருந்து மொத்தமாக வெடித்தது.

நான் இருக்கும் பகுதியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1969 ஜனவரி 8-ஆம் தேதி, மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில், லாரா என்ற இடத்தில் புல்தீ சாலையைக் கடந்தது. காரைவிட்டு இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே குனிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது பிறகு ஆராய்ந்து தெரிந்துகொண்ட உண்மை. புல்தீ ஓரிடத்தில் நிற்பது சில நொடிகள்தான். இன்றைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும். சொல்லிச் சொல்லித் தெரியவைத்தார்கள்.

இந்த நாட்டில் மெச்சத்தக்கது எது என்று கேட்டால் நான் சிவப்பு வண்டியைச் சொல்ல மாட்டேன். உதவிக்கு ஓடும் குணத்தையும் சொல்ல மாட்டேன், அது எங்கள் கரிசல்காட்டில் இவர்களைவிட ஒரு பிடி கூடவே உண்டு. ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தி, எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, எப்போது திரும்ப வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைச் சொல்வேன். முதலிப்பட்டிக்கு ஓடியவர்கள் அசட்டு மனிதர்கள் அல்லர். அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதுப் பாடம்கூட யாரும் நடத்தவில்லை.

அப்படி நடத்த நம் ஊரில் வழி இல்லாமல் இல்லை. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் பற்றியது. அதில் இருந்தவை பருத்திப் பொதியும் வெடிமருந்தும். அருப்புக்கோட்டையும் சிவகாசியும் ஒரே கப்பலில் ஏறியதுபோல. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். நிலையத்தில் மலர்வளையம் வைத்துவிட்டு, பள்ளி, மருத்துவமனை, ஆலை என்று போய் ஒத்திகை செய்துகாட்டுவார்கள். அந்த ஒத்திகை கிராமத்து மந்தைக்கும் வரவேண்டும். கேட்டால் வருவோம், கேட்கத்தான் ஆள் இல்லை என்கிறார் மச்சான்.

ஆகவே பாலவனத்தம் பக்கத்து இளவட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சித்திரை முதல் தேதிக்கு முன்பாக உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நிலைய அலுவலரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, ஒத்திகைக்கு ஒரு நாள் கேளுங்கள். தண்ணீர் வண்டி திரும்ப உங்கள் தெருவில் இடமிருக்கிறதா, ஊருணிக் கரைவரை வண்டி போகுமா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். படப்பை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெடி ஆபீஸில் சத்தம் கேட்டால் முதலில் 101-க்குப் பேசுங்கள். பிறகு, உள்ளே ஓடப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.