மணப்பாட்டு ஞானஸ்நான ஏடு

திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகப் போகும் பஸ் மணப்பாட்டை நெருங்கும்போதே, கடலோர மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில் தெரிந்துவிடும். செப்டம்பரில் திருவிழாக் கொடி ஏறியதும், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தூத்துக்குடி, சென்னை, கொழும்பு என்று பிழைக்கப் போனவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். காற்றில் பறந்து வந்த மணலை வாசலிலிருந்து கூட்டித் தள்ளும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். கூடவே பெயர்கள்: பர்னாந்து, மிராந்தா, ரோச், மோத்தா, மச்சாது, கோமஸ், வாஸ், தல்மேதா.

அந்தப் பெயர்களில் புதுமை ஏதும் இருப்பதாகச் சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. கருவாடு காயும் முற்றத்தில், பனையோலைக் கொட்டான் முடையும் பெண்கள் நடுவில் கேட்டுப் பழகிய பெயர்கள் அவை. கல்லூரிக்குப் போன பிறகுதான், “உங்க தாத்தா வெள்ளைக்காரரா?” என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. வம்சாவளியைத் தேட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

வெள்ளைக்கார ரத்தம் அல்ல, ஞானஸ்நானம் கொண்டுவந்த பெயர்கள் இவை. முத்துக்குளித்துறையில் எங்கள் சனமான பரதவருக்கும் அரபு வணிகர்களின் ஆதரவு பெற்றவர்களுக்கும் மூண்ட சண்டையில், பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1530களின் நடுவில் ஊர்ப் பெரியவர்கள் கொச்சிக்குப் போய் மதம் மாறினார்கள். தொடர்ந்து கரை நெடுக ஆயிரக்கணக்கானோர் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. கப்பல் தலைவர்கள், பாதிரிமார், ஞானத்தகப்பன்மார் ஆகியோரின் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. 1542இல் சவேரியார் வந்து சேர்ந்தபோது, பெயர் மட்டும் கிறிஸ்தவமாகி, செபம் ஒன்றுகூடத் தெரியாமல் இருந்தார்கள் மக்கள். மணப்பாட்டுக் குகையில் அவர் தங்கியதாகச் சொல்வார்கள். கடலுக்கு அத்தனை அருகிலிருந்தும் அங்குள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும்.

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையில் இருந்தார்கள். பாதிரிமாரைத் துரத்தினார்கள், கோயில்களைக் கிட்டங்கி ஆக்கினார்கள். ஆனாலும் எங்கள் ஊர் ஞானஸ்நான ஏட்டில் ஒரு டச்சுப் பெயரைக்கூட நான் பார்க்கவில்லை. ஆண்டவன் யார் என்பதும் தன் பெயர் என்ன என்பதும் இந்தச் சனம் தானே முடிவு செய்துகொண்ட காரியங்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த ஏட்டைப் பங்குச் சாமியாரின் அனுமதியோடு பார்த்தேன். உபதேசியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் தானே புரட்டினார். இங்க் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் பக்கத்துக்குப் பக்கம் தொடர்ந்தன. எல்லாம் லத்தீன். ஆனாலும் பிள்ளை பெயர், தாய் தகப்பன், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்ற வரிசை பிடிபட்டுவிட்டால் படிப்பது கஷ்டமில்லை. பர்னாந்து என்ற பெயர் மட்டும் பக்கம் முழுக்க. நடுநடுவே வில்லவராயர், பூபாலராயர் என்று பழைய தமிழ்ப் பட்டங்கள். போர்த்துக்கீசியர் வருகைக்கு முந்தைய மரியாதை அந்த வீடுகளில் அப்படியே நின்றிருக்கிறது.

என் பூட்டனாரின் பதிவைக் கண்டுபிடித்தேன். அவர் பர்னாந்து. அவருக்கு ஒரு தம்பி. ஞானஸ்நானத்தில் அவரும் பர்னாந்துதான். ஆனால் அதே தம்பி, திருமணப் பதிவில் மிராந்தா! தாய் தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துப்போகின்றன. ஓர் ஆளுக்கு எப்படி இரண்டு வம்சம் என்று உபதேசியாருக்கும் புரியவில்லை.

சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“அவுக அம்மா மிராந்தா வீட்டுப் பொண்ணு. அந்த வீட்டுல ஆம்பளப் பிள்ள இல்ல. சின்னவர கொழும்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, தாத்தாவே பேரக் குடுத்து வளத்தாவ.”

“இது எங்கயும் எழுதலையே அத்த.”

“பேர வச்சா ஆளத் தேடுவாவ? ஊருல பாதிப் பேரு பர்னாந்துதான். வீட்டக் கேளு மக்கா. நாம கெணத்தடி வீடு. எதுத்தாப்ல ரங்கூன் வீடு. அவுகளும் பர்னாந்துதான், ஆனா நமக்குச் சம்பந்தி முறை.”

அதுவரை நான் போட்டு வைத்திருந்த வம்சாவளி முழுவதையும் வீட்டுப் பெயர்களை வைத்துத் திரும்ப எழுதினேன். குழப்பம் பாதி தீர்ந்தது. ஞானத்தகப்பன் பத்தியும் அதிகம் உதவியது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். மேலே போகப் போகக் குடும்பப் பெயர் மெலிந்து, கடைசியில் ஞானஸ்நானப் பெயரும் ஊரும் மட்டுமே மிஞ்சின.

சின்னவரின் கொள்ளுப்பேரன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருப்பதை இந்தத் தேடலில்தான் அறிந்தேன். இலங்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பரதவர் ‘பரதர்’ என்று தனி இனமாகவே பதிவாகிறார்கள். அவரும் பரதர், பெயர் மிராந்தா. போனில் பேசியபோது கிணற்றடி வீடு என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டி சொல்லியிருக்கிறாராம். அத்தையிடம் சொன்னேன். வருகிற கொடியேற்றத்துக்கு அவரையும் அழைத்து வரச் சொல்லி, மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்துவிட்டாள்.