முற்றத்துக் குழாயும் அண்டை வீட்டுச் சுவரும்



மத்ரஸாவில் ஆண்டுதோறும் உளூப் பாடம் நடத்துகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்னும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே 'முத்'. ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று பிள்ளைகளுக்கு விளக்குவேன்.

அப்படிப் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம், சில மாதங்களாக முற்றத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திருகை இன்னும் சற்று இறுக்கிவிட்டு உள்ளே போய்விடுவேன். மறுநாளும் சொட்டும், மறுநாளும் இறுக்குவேன்.

ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பின், என் மகள் குழாயின் கீழ் வாளி ஒன்றை வைத்தாள். ஃபஜ்ருக்கு எழுந்ததும் குவளையால் அளந்து பார்த்து, "வாப்பா, 7 லிட்டர் இருக்கு. ஒன்பது பேர் உளூச் செய்யலாமே!" என்றாள். என் பாடத்தை எனக்கே ஒப்பித்தாள். நான் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்ரஸாவுக்கு விடுமுறை. மாடித் தொட்டியின் வால்வை அடைத்து, குழாயில் எஞ்சிய நீரை வடியவிட்டு, அதன் மேற்பகுதியை ஸ்பேனரால் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷரில் ஆழமாக வட்டத் தடம் பதிந்து, ஓரம் கிழிந்திருந்தது. நான் இறுக்க இறுக்க அது மேலும் நசுங்கியிருக்கிறது. வாஷரை மட்டும் மாற்றினால் போதுமென்று எண்ணினேன். ஆனால் அது அமரும் பித்தளை விளிம்பும் உப்பு நீரால் அரித்துப் போயிருந்தது. எனவே அரை அங்குலப் பித்தளைக் குழாய் ஒன்றை வாங்கிவந்தேன். மரையின் மீது டெஃப்லான் டேப்பை, குழாயைத் திருகும் திசையிலேயே சுற்றிப் பொருத்தினேன். அளவுக்கு மீறி முறுக்கினால் சுவரிலுள்ள பிவிசி இணைப்பு விரிசல் விடும் என்பதால் கையை அடக்கினேன். வால்வைத் திறந்தேன், ஒரு சொட்டும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

குழாயடியைக் கழுவும்போதுதான், பாசி படிந்த ஈரத்தடம் ஒன்று எல்லைச் சுவர்வரை போயிருப்பதைக் கண்டேன். அடுத்த வீட்டில் தனியாக வசிக்கும் மாமியிடம் சென்று பார்த்தேன். அவர்கள் அறைச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தது.

"எவ்வளவு நாளா மாமி?"

"நோன்புக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு ஹஜ்ரத். உங்ககிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

வாளியின் கணக்கைவிட இந்தச் சொல்லே என்னை வாட்டியது. வீணான தண்ணீருக்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கலாம். அண்டை வீட்டாரின் உரிமையையோ அவர்களிடமே சென்று தீர்த்தாக வேண்டும். என் மீது வைத்த மரியாதையே அவர்கள் வாயை அடைத்திருந்தது என்பது எனக்குப் பெரும் வெட்கமாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். ஈரம் முழுதும் காய்ந்த பின் கொத்தனாரை வைத்துப் பூச்சுப் பூசித் தருவதாகச் சொன்னேன். இரு மாதங்களில், அல்லாஹ்வின் உதவியால், அதை நிறைவேற்றினேன்.

இப்போது உளூப் பாடத்தின் முடிவில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் சொட்டும் குழாய் உண்டா? அந்த நீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது?

நீங்களும் இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வஸ்ஸலாம்.