ஒளிய இடமில்லாத வகுப்பு

காலை எட்டு மணி. கல் பாவிய தெருவில் ஒரு பழைய வீடு. முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியை, எதிரே ஒரே ஒரு மாணவர். மத்திய அமெரிக்காவில் குவாதமாலா நாட்டின் அன்டிகுவா நகரில் ஸ்பானிஷ் இப்படித்தான் கற்றுத்தரப்படுகிறது. பெரும்பாலும் பகல் பன்னிரண்டு வரை, நான்கு மணி நேரம் பேச்சுதான். கடைசி பெஞ்சில் பதுங்கலாம் என்றால், பெஞ்சே கிடையாது.

1543-ல் உருவாகி, ஸ்பானிஷ் ஆட்சியின் தலைநகராக இருந்த ஊர் இது. 1773-ல் வந்த பூகம்பத்தில் நொறுங்கியது. 1776-ல் தலைநகரம் இடம் மாறியது. இடிந்த தேவாலயங்கள் அப்படியே நிற்கின்றன. 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெற்கே 3,760 மீட்டர் உயர அக்வா எரிமலை அமைதியாக இருக்கிறது. பக்கத்து ஃபுவேகோ அடிக்கடி புகை கக்கும்.

மதியத்துக்கு மேல்தான் உண்மையான பரீட்சை. மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களில் தங்குகிறார்கள். கறுப்பு பீன்ஸ், சுடச்சுட மக்காச்சோள ரொட்டி, கூடவே வீட்டுக்காரம்மாவின் கேள்விகள். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது 'முச்சாஸ் கிராசியாஸ்' என்று நன்றி சொல்ல வேண்டும். மேஜையில் இருப்பவர்கள் 'புவென் ப்ரோவேச்சோ' என்பார்கள். இலக்கணப் பிழை மன்னிக்கப்படும், இதை மறப்பது அல்ல.

ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்கே நல்ல ஊன்றுகோல். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தில் 'நான்' எங்கே என்று ஆங்கிலேயர் தேடுவார். தமிழருக்கு அது 'எனக்குக் காப்பி பிடிக்கும்', அவ்வளவுதான். 'உஸ்தெத்' என்றால் 'நீங்கள்'. ஞகரமும் கைவசம் இருக்கிறது. அது முக்கியம். வயது சொல்லும்போது 'ஆஞோஸ்' என்பது 'ஆனோஸ்' ஆகிவிட்டால் ஆண்டுகள் ஆசனவாய்கள் ஆகிவிடும்! சிக்கல் வேறிடத்தில். 'அவர் டாக்டர்' என்று வினைச்சொல்லே இல்லாமல் முடித்துப் பழகியவர், 'இரு' என்பதற்கு இரண்டு வினைகளைச் சமாளிக்க வேண்டும். மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதையும் சகித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில நாட்கள் பலரும் ஊமையாகிவிடுகிறார்கள். ஊரில் வாயாடியாக இருந்தவர் இங்கே மூன்று வயதுக் குழந்தை மாதிரி சைகை காட்டுகிறார். அவமானமாகத்தான் இருக்கும். அது உடைவது வகுப்பில் அல்ல. அமெரிக்காவில் ஓய்வுபெற்று இங்கே வண்ணம் பூசிக்கொண்ட பள்ளி பஸ்களில். 'குவாதே, குவாதே' என்று கூவுகிற உதவியாளரிடம் டிக்கெட் விலையை வாதாடி, அவர் திருப்பிச் சொல்வதும் புரிந்துவிட்டால், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு தானாக வரும்.

அன்டிகுவாவின் பெரிய ஆபத்து ஆங்கிலம். மாலையில் வெளிநாட்டவர் ஒன்றுகூடினால் காலைப் பாடம் காப்பிக் கடையில் கரைந்துவிடும். அதனால்தான் பிடிவாதக்காரர்கள் மேற்கே 2,300 மீட்டர் உயரத்தில் குளிரும் கெட்சல்தெனாங்கோவுக்குப் போகிறார்கள்.

ஆனால் குவாதமாலாவில் எல்லோரும் ஸ்பானிஷை இப்படி ஆசைப்பட்டுக் கற்கவில்லை. இங்கே 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை வாங்கிய தலைமுறையும் உண்டு. அவர்களும் மூழ்கித்தான் கற்றார்கள். பிழையைத் திருத்த எதிரே பொறுமையான ஆசிரியை இல்லை. மாயா மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

அன்டிகுவா சந்தையில் நெசவுத் துணி விற்கும் பெண்ணுக்கும் பல நேரம் ஸ்பானிஷ் இரண்டாவது மொழிதான். எதிரே நிற்கும் மாணவருக்கும் கற்றுக்கொண்ட மொழி. இருவரும் நிதானமாக, எண்களை அழுத்திச் சொல்லி, பேரம் பேசுகிறார்கள். மாணவர் ஒரு விலை சொல்கிறார். அந்தப் பெண் பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, கக்சிக்கேல் மொழியில் ஏதோ சொல்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். மாணவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிவதில்லை.