ஒரே பெயர், இரண்டு பாதைகள்

நான் தாதியாக வேலை செய்வதால், ரோவிலில் நம் பிள்ளைகள் பலர் "அக்கா, அடுத்து என்ன படிக்கலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை அண்மையில் கேட்டாள்: "மருத்துவத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் ஒஸ்தியோபதி படிக்கட்டா? அமெரிக்காவில் அவர்களும் டொக்டர்தானே?"

அமெரிக்காவைப் பற்றி அவள் சொன்னது சரி. ஆனால் அது அவுஸ்திரேலியாவுக்குப் பொருந்தாது.

இந்தத் துறையைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்தக் கால மருந்துகளில் நம்பிக்கை இழந்து, உடலின் அமைப்பைக் கையால் சீர்செய்யும் முறையைத் தேடினார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் கல்லூரி தொடங்கினார். அமெரிக்கக் கல்லூரிகள் பின்னர் மருந்தையும் சத்திரசிகிச்சையையும் சேர்த்துக்கொண்டன. இன்று அங்கே டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு வைத்தியர். எம்.டி.க்கு உள்ள அதே உரிமை அவருக்கும் ஐம்பது மாநிலங்களிலும் உண்டு.

ஆனால் பட்டம் மட்டும் போதாது. பிறகு வைத்தியசாலையில் ரெசிடென்சி பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். முன்பு டி.ஓ.க்களுக்குத் தனிப் பயிற்சி இடங்கள் இருந்தன. 2020 முதல் இரு தரப்புக்கும் ஒரே முறை. 2024இல் அமெரிக்க டி.ஓ. இறுதியாண்டு மாணவரில் 92.3 வீதமானோருக்கும், எம்.டி. மாணவரில் 93.5 வீதமானோருக்கும் இடம் கிடைத்தது. குடும்ப மருத்துவம், உள்மருத்துவம் போன்றவற்றில் வாய்ப்பு நன்று. தோல் மருத்துவம், நரம்பியல் சத்திரசிகிச்சை போன்றவற்றில் போட்டி கடுமை. அதனால் பலர் தங்கள் கொம்லெக்ஸ் பரீட்சையோடு எம்.டி. மாணவர் எழுதும் யூஎஸ்எம்எல்ஈயையும் எழுதுகிறார்கள்.

அவுஸ்திரேலியாவில் கதை வேறு. மெல்பேர்னில் ஆர்எம்ஐடி, விக்டோரியா பல்கலைக்கழகங்கள் ஒஸ்தியோபதி கற்பித்து வந்துள்ளன. படித்தவர்கள் ஆப்ராவில் ஒஸ்தியோபத் என்று பதிவுசெய்து, முதுகுவலி, மூட்டுவலி, தசைப்பிடிப்பு உள்ளவர்களைக் கவனிக்கிறார்கள். மருந்து எழுதவோ சத்திரசிகிச்சை செய்யவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. இங்கே பெறும் அந்தப் பட்டத்தோடு அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

ஆகவே தம்பி தங்கைகளே, முதலில் உங்களையே கேளுங்கள்: எனக்கு வேண்டியது வைத்தியர் வேலையா, கையால் வலி தீர்க்கும் வேலையா? இரண்டாவது என்றால், துணிந்து படியுங்கள். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமல்ல அது. நிமிர முடியாமல் வரும் ஒருவர் நிமிர்ந்து நடந்து போவது சிறிய காரியமா?

வைத்தியர் வேலைதான் வேண்டுமென்றால், வேறொரு பட்டம் முடித்துவிட்டும் இங்கேயே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா போக நினைப்பவர்கள் கட்டணம், விசா, ரெசிடென்சி மூன்றையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். திரும்பி வந்து இங்கே வேலை செய்ய எண்ணமிருந்தால், புறப்படும் முன்பே அவுஸ்திரேலிய மெடிக்கல் போர்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செலவாகப்போவது அப்பா அம்மா இரவு வேலை செய்து சேர்த்த பணம். கூடவே உங்கள் இளமையின் பல வருடங்கள்.

அந்தத் தங்கை இப்போது இரண்டு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். எதைத் தெரிவு செய்வாள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் ஜெபித்து, யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.